வாடகை வீட்டில் புனித சின்னப்பர்



அப்போஸ்தலர் பணி நூலின் கடைசி அதிகாரத்தை இன்று மாலை செபத்துக்குப் பின் புரட்டிப் பாருங்கள். புறவினத்தாருக்கெல்லாம் சுவிசேஷத்தைக் கொண்டுபோன புனித சின்னப்பர் உரோமாபுரியில் எங்கே தங்கினார்? வாடகை வீட்டில். இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்து, தம்மைத் தேடி வந்த எல்லாரையும் வரவேற்றார் என்று புனித லூக்காஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த வீட்டுச் சொந்தக்காரர் யாரென்று வேதாகமம் சொல்லவில்லை. ஆனால் குடிவந்தவரை நமக்குத் தெரியும்: விலங்கிட்ட கைதி, கூடவே காவலுக்கு ஒரு போர்வீரன், நாளெல்லாம் வந்துபோகும் சனக்கூட்டம். நமது மட்டக்களப்புப் பட்டினத்தில் இப்படி ஒருவர் வீடு கேட்டு வந்தால் நம்மில் எத்தனை பேர் திறப்பைக் கொடுப்போம்?

வாடகையைப் பற்றிக் கோயிலில் பேசுவது சிலருக்குப் புதினமாயிருக்கலாம். களவைப் பற்றிப் பேசுகிறோம், வட்டியைப் பற்றிப் பேசுகிறோம், குடியைப் பற்றிப் பேசிப் பேசித் தொண்டையும் வற்றிவிட்டது. வாடகையைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்ன ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

நமது பட்டினத்தின் இருப்பைப் பாருங்கள். புளியந்தீவு வாவி சூழ்ந்த சிறு நிலம். ஆஸ்பத்திரி, பேராலயம், புனித மிக்கேல் கல்லூரி, புனித சிசிலியா பெண்கள் பள்ளி எல்லாம் அந்தச் சிறு இடத்துக்குள்ளே. பிள்ளையைப் படிப்பிக்க வேண்டும் என்று படுவான்கரையில் இருந்து வருகிறவரும், நோயாளியோடு வருகிறவரும், உத்தியோகம் மாறி வருகிறவரும் கேட்பது அதே இரண்டு அறையைத்தான். சனம் பெருகும், தீவு பெருகாது.

இதன்மேல்தான் 2004 மார்கழி 26 வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாவலடியையும் கல்லடியையும் கடல் எப்படி அள்ளிற்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கில் கரையில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. நாவலடிச் சனங்களில் பலருக்குக் கடலைவிட்டுத் தள்ளித் திராய்மடுவில் குடியிருப்பு அமைந்தது. இடையில் இருந்த காலத்தில் கூடாரமும் தகரக் கொட்டிலும், உறவினர் வீட்டு விறாந்தையும்தான். அதே நாட்களில் உதவி செய்ய வந்த நிறுவனங்கள் அலுவலகத்துக்கும் ஆட்கள் தங்குவதற்கும் நல்ல வீடு தேடின. அவர்கள் சொன்ன தொகை நமது ஆசிரியரும் லிகிதரும் கனவிலும் காணாத தொகை. 2006, 2007 இல் வாகரையில் இருந்தும் படுவான்கரையில் இருந்தும் யுத்தம் சனத்தை எழுப்பியபோது மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் இலட்சத்துக்கும் மேல். வீடு இழந்தவருக்கு உதவ வந்த பணமே வாடகையை ஏற்றி, இருந்த வீட்டை இன்னொருவர் இழக்கச் செய்தது. நிறுவனங்கள் போய்விட்டன. வாடகை அவற்றோடு கூடப் போகவில்லை.

இப்போது நான் சொல்லப் போவதை எழுத எனக்கே வெட்கம். ஒரு பங்கில் நான் பொறுப்பாயிருந்த காலம். கோயில் வளவுக்குப் பின்னால் பங்குக்குச் சொந்தமான சிறு வீடொன்றில் ஓர் ஆசிரியை தம் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் பல வருடமாய் இருந்தார். 2005 இல் ஒரு நிறுவனம் அந்த வீட்டைக் கேட்டது. அவர்கள் கொடுத்ததைப்போல் நாலு மடங்கு தருவதாகச் சொன்னது. சபை கூடிப் பேசினோம். கோயில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. காரணம் நல்ல காரணம். ஒரு மாதத் தவணைக் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான்.

அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. போகிற அன்று அந்தத் தாய் வளவைக் கூட்டி, குப்பையை எரித்து, திறப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “சுவாமி, கிணத்துக் கயிறு புதுசு. இந்தக் கிழமைதான் மாத்தின நாங்க” என்றார். பட்டினத்துக்கு வெளியே எட்டத்தில் இரண்டு அறை கிடைத்ததாம். பிள்ளைகள் சில ஞாயிறுகள் ஞானோபதேசத்துக்கு வந்தார்கள். பிறகு ஒருவர் மட்டும் வந்தார். பிறகு ஒருவரும் இல்லை. கூரை திருத்தியாயிற்று. இன்றுவரை ஒழுகவில்லை.

சக்கேயு தான் அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பேன் என்றான். நாங்கள் நாலு மடங்கு வாங்கினோம். அந்தச் சுவிசேஷம் பூசையில் வரும் ஞாயிறு, பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. பல வருடம் கழித்து அவர்களைத் தேடிப் போனேன். அப்போதும் வாடகை வீடுதான். கதிரை போட்டுத் தேத்தண்ணீர் தந்தார்கள். சின்னப்பரைப் போல, வந்தவனை வரவேற்றார்கள்.

வீட்டுச் சொந்தக்காரரை நான் வைய வரவில்லை. நம்மூரில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர் எல்லாரும் சீமான்கள் அல்ல. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது மட்டக்களப்பின் வழமை. மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவதை எத்தனை இடத்தில் கண்டிருக்கிறோம்! இளையவள் பள்ளிக்கூடம் போகும்போதே அவளுக்கென்று அத்திவாரம் விழுகிறது. வங்கிக் கடன் முடியும்வரை அந்த வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள். 2022 புரட்டாதியில் விலைவாசி ஒரே வருடத்தில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியபோது அவர்களுக்கும் வயிறு எரிந்தது. ஆகையால் வாடகை வாங்குவது பாவம் என்று நான் சொல்லேன். என் மகளின் சீதனத்துக்காக இன்னொருவரின் மகள் தெருவுக்கு வரலாமா என்பதே கேள்வி.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரைக் காக்க வந்தது. ஆனால் கொடுத்தால் எழுப்ப முடியாது என்று பயந்து வீட்டைப் பூட்டி வைத்தவர்களும் உண்டு. பயத்தைச் சட்டத்தால் மட்டும் தீர்க்க முடியாது. திருச்சபையின் போதனையோ தெளிவு. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனிதனாய் வாழ ஒருவனுக்குத் தேவையானவை என்று உணவையும் உடையையும் சொன்ன அதே மூச்சில் உறைவிடத்தையும் சொல்லிற்று. 1987 ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்தது நமது இலங்கைதான். 1980 இல், அந்நாள் பிரதமர் பிரேமதாச அவர்கள். அந்த ஆண்டின் முடிவில் வத்திக்கானின் நீதி சமாதான ஆணைக்குழு வீட்டுப் பிரச்சினை பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. காயினிடம் கடவுள் கேட்ட கேள்வியின் சாயலில், வீடற்ற உன் சகோதரனுக்கு என்ன செய்தாய் என்பதே அதன் தலைப்பு. அதே 1987 தை மாதத்தில் கொக்கட்டிச்சோலை கண்டது என்னவென்று நமது பெரியவர்களுக்குத் தெரியும்.

உபாகமத்தில் ஓர் அழகான கட்டளை உண்டு. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் போகக்கூடாது. வெளியே நிற்க வேண்டும், மற்றவன்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசல்படி உண்டு என்று மோயீசன் எழுதி வைத்தார். நமது வீட்டுக்காரர் சிலர் கிணற்றில் எத்தனை வாளி அள்ளினார்கள், எத்தனை பேர் இராத் தங்கினார்கள் என்று எண்ணுகிறார்கள். கைக்குழந்தை இருந்தால் இல்லை என்கிறார்கள். கணவனை இழந்தவளிடம், ஆம்பிளை யார் கையெழுத்து வைப்பது என்று கேட்கிறார்கள். சாதியைச் சுற்றிவளைத்து விசாரிக்கிறவர்களும் ஞாயிறு தோறும் நன்மை வாங்க வருகிறார்கள்.

குடியிருப்பவர்களுக்கும் ஒரு சொல். மாதம் முடிந்தும் வாடகையை இழுத்தடித்து, முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப் போகிறவர் அடுத்து வருகிற ஏழைக்குக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போகிறார்.

முன்னர் பூட்டி வைத்த வீடுகளைச் சொன்னேன். இன்னொரு வகைப் பூட்டும் உண்டு. கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் இருக்கும் நமது பிள்ளைகள் இங்கே கட்டிவிட்டுப் பூட்டியிருக்கும் வீடுகள். வருடத்தில் ஒரு முறை திருநாளுக்குத் திறந்து தூசி தட்டுகிறோம். மற்ற நாளில் கறையான் குடியிருக்கிறது, வாடகையும் கொடுப்பதில்லை. அந்தத் திறப்புகள் பல உங்கள் அலுமாரியில்தான் தொங்குகின்றன. இந்தக் கிழமை பிள்ளைகள் தொலைபேசி எடுக்கும்போது சுகம் விசாரித்த பின் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுங்கள். வீடு தேடி என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்கள் சில இருக்கின்றன.