தண்டம் விதிக்கும் பாரம் யாருடையது?

ஒருவன் கொலைசெய்தான் என்றும், ஆதலின் அவன் சாகக்கடவன் என்றும் தீர்மானிக்கும் பாரம் யாரைச் சார்ந்தது? நியாயநூல் கற்றுத் தேர்ந்த நியாயாதிபதியைச் சார்ந்தது என்பர் ஒரு சாரார். அவனோடு ஒரு நாட்டில் வாழும் பொதுசனங்களைச் சார்ந்தது என்பர் மற்றொரு சாரார். இவற்றுள் எது தக்கது என்பதை, யப்பான் தேசத்தார் 2009ஆம் ஆண்டிற் செய்த ஒரு மாற்றத்தை முன்னிட்டு ஈண்டு ஆராய்வாம்.

யப்பானிலே யூரிமுறை முன்னறியாத ஒன்றன்று. 1923ஆம் ஆண்டிற் சட்டமாகி, 1928ஆம் ஆண்டு தொடக்கம் அது நடைபெற்றது. யூரர் 12 பேர். அவர் 30 வயது நிரம்பிய, வரியிறுக்கும் ஆடவராதல் வேண்டும். அவர் கூறும் முடிபு உடன்பாடன்றாயின், நியாயாதிபதிகள் அதனைத் தள்ளி வேறு யூரரைக் கூட்டலாம். கேட்டதைக் கொள்ளாதொழியும் உரிமை இருப்பின், கேட்பது எற்றுக்கு? எதிரிகளிற் பலரும் அதனை வேண்டாது விட்டனர். 1943ஆம் ஆண்டில், யுத்தகாலத்திலே, அம்முறை நிறுத்திவைக்கப்பட்டது.

பின்பு 60 ஆண்டுக்கு மேலாக நியாயாதிபதிகளே தனித்துத் தீர்ப்பளித்தனர். விளக்கத்திற்கு வந்தோருள் நூற்றுக்கு 99 பேருக்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் என்றே தீர்க்கப்பட்டனர். தக்க சான்றில்லாத வழக்கை அரசினர் தொடுப்பதில்லை என்பதற்கு இதுவே அடையாளம் என்பாருமுளர். ஆயின், 1983ஆம் ஆண்டு முதல் 1989ஆம் ஆண்டு வரையில், மரணதண்டனை விதிக்கப்பட்டு நெடுங்காலஞ் சிறையிற் கிடந்த நால்வர் மறுவிளக்கத்திலே குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டனர். கற்றோர் தீர்த்து, அவரினும் மேலான மன்றத்தார் உறுதிசெய்த வழக்குக்கள் இவை. கல்வி ஒன்றே தவறாமைக்குக் காப்பாகாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, புதிய முறையாவது யாது? அதற்குரிய சட்டம் 2004ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டு, 2009ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. கொலை முதலிய பெருங்குற்ற வழக்குக்களில், 3 நியாயாதிபதிகளோடு 6 குடிகள் ஒருங்கிருந்து விசாரிப்பர். இவர் வாக்காளர் இடாப்பிலிருந்து சீட்டு முறையாகத் தெரியப்படுவர், ‘சைபான்-இன்’ எனப்படுவர். குற்றம் உண்டோ இல்லையோ என்பதை மாத்திரமன்றித் தண்டனையின் அளவையும் இவ்வொன்பதின்மரும் கூடியே தீர்மானிப்பர்.

சட்டங் கல்லாதார் வழக்கை எங்ஙனம் அறிவர் என்பது முதலாவது ஆட்சேபம். சட்டத்தின் பொருளை உரைப்பது அங்கே நியாயாதிபதிகளுக்கே உரியது. இச்சாட்சி மெய் சொல்கின்றானா என்பதோ உலகியலறிவினால் அறியற்பாலது. நாம் உபாத்தியாயத் தொழிலிற் புகுந்த புதிதில், பேனா ஒன்று களவுபோயிற்றென ஒரு மாணவனைத் தண்டித்தோம். அவன் தலைகவிழ்ந்து வாய்பேசாது நின்றதையே குற்றத்திற்குச் சான்றாகக் கொண்டோம். மறுநாட் பேனா அகப்பட்டது. தாய் இறந்த நாள்முதல் அவன் யாரோடும் பேசுவதில்லை என்பதை, அவனோடு ஒரே வாங்கிலிருந்த பிள்ளைகளெல்லாரும் அறிந்திருந்தனர். நாம் அவர்களைக் கேட்டிலேம்.

பாமரர்மேல் இப்பாரத்தைச் சுமத்துவது கொடிது என்பது இரண்டாவது ஆட்சேபம். இஃது எளிதிற் தள்ளத்தக்கதன்று. நேற்று வரையும் கடையிலும் வயலிலும் நின்ற ஒருவர் இன்று பிரேதங்களின் படங்களைப் பார்த்து, ஒருவனுடைய உயிரைக் குறித்து முடிபு கூறவேண்டும். மனம் நொந்து நோயுற்றாரும் உளர். ஆயினும், அத்தண்டனை யார் பெயரால் நிறைவேறுகின்றது? குடிகளின் பெயராலன்றோ? ஊனை விலைக்கு வாங்கி உண்பவன், கொன்ற பாவம் கசாப்புக்காரனுக்கே உரியது என்றால் நாம் ஒப்புகின்றிலேம். தண்டனையின் பயனைத் துய்க்கும் குடிகள் அதன் பாரத்தை மாத்திரம் பிறர்மேல் வைப்பது அத்தன்மையதே. ஆதலின், குடிகளை மன்றத்திற் சேர்த்தது நன்றென்றே கொள்கின்றோம்.

ஆயின், சேர்த்த வகையில் இரண்டு குறைகள் உள. ஒன்று, பெரும்பான்மையோர் கருத்தே போதும் என்பது. குற்றவாளி என்பாருள் நியாயாதிபதி ஒருவரும் குடி ஒருவருமாயினும் இருத்தல் வேண்டும் என்னும் விதி உண்டு. எனினும், ஒன்பதின்மருள் ஐவர் ஒருப்பட்டால் மரணதண்டனையும் விதிக்கலாம். நமது இலங்கையிலே 1811ஆம் ஆண்டு தொட்டு அறியப்பட்டதும், இக்காலத்து அருகி வழங்குவதுமாகிய யூரிமுறையில், எழுவருள் ஐவர்க்குக் குறையாதோர் ஒருப்பட்டாலன்றி ஒருவனைக் குற்றவாளியெனல் ஆகாது. உயிரைக் குறித்த தீர்ப்புக்கு யப்பானில் அத்துணை ஒருமைப்பாடும் வேண்டாமையை என்னென்பது!

மற்றொன்று, ஆலோசனையில் நிகழ்ந்ததை ஆயுள்முழுதும் வெளியிடலாகாது என்னும் விதி. மீறுவோர் சிறைத்தண்டனைக்கும் உள்ளாவர். அச்சமின்றிப் பேசுதற்கு இஃது அவசியம் என்பர். இன்னார் இன்னது சொன்னார் என்பதை மறைத்தல் தகும். தன் கருத்தையே ஒருவர் சாமளவும் விழுங்கிக்கொண்டிருக்கவேண்டும் என்பது தகுமோ?

ஹக்காமாடா என்பவருக்கு 1968ஆம் ஆண்டிலே மூன்று நியாயாதிபதிகள் மரணதண்டனை விதித்தனர். அவருள் ஒருவராகிய குமமோட்டோ, தாம் அவரைக் குற்றமற்றவரென்றே கருதியும், மற்றையிருவர் மாறுபட்டமையால் அத்தீர்ப்பைத் தாமே எழுதநேர்ந்தது என்பதை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார். தீர்ப்புக்குச் சிறிது காலத்தின் பின் அவர் பதவியையும் துறந்திருந்தார். இரகசியத்தை மீறினார் என்று அவரைப் பழித்தாரும் உளர். ஹக்காமாடா 2014ஆம் ஆண்டிற் சிறையினின்றும் வெளிவந்து, 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டார். குமமோட்டோ 2020ஆம் ஆண்டிலே இறந்தமையின் அதனைக் கேட்டிலர். கற்ற நியாயாதிபதியே தாங்கமாட்டாத மௌனத்தைச் சாதாரண குடிமகன்மேற் சுமத்துதல் நியாயமாமா? பாரத்தைப் பகிர்ந்துகொள்ள அழைத்தவர், அதனை இறக்கிவைக்கும் வழியையும் காட்டுதல் வேண்டும்.

ஆசிரியர்களே, இவ்விஷயத்தில் நமக்குரியதொன்று உண்டு. யப்பானிலே 2022ஆம் ஆண்டு இத்தகுதிக்குரிய வயது 20இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தை நேற்று விட்ட பிள்ளை நாளை மன்றத்தில் அமரலாம். சான்றை நிறுத்துப்பார்த்தலும், எண்மர் ஒருபுறமிருப்பத் தான் கண்டதைத் தனித்துநின்று உரைத்தலும் அவனுக்கு அன்றைக்கே வருவனவல்ல. வகுப்பிலே பயின்று வருவன. அவற்றை அவன் முதலிற் கற்பது, அவனை நாம் விசாரிக்கும் முறையிலிருந்தே என்பதை மறவாதிருப்போமாக.