சடுகுடுவும் சம்பந்தமும்

ஆடுகளத்தில் ஒருவரையொருவர் கண்டு பழகிய ஆணும் பெண்ணும் வாழ்க்கைத் துணையாவது சரிதானா என்று கேட்டால், நம் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். மேல்நாட்டு வழக்கம் என்பார்கள். கலித்தொகையைப் புரட்டியவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். முல்லைக்கலியில் வரும் ஆயர்குலப் பெண், காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை மறுபிறப்பிலும் தழுவ மாட்டாள். ஊரே கூடி நின்று பார்க்க நடந்த காரியம் அது.

எனினும் ஏறு தழுவுதலில் எனக்கு ஒரு குறை உண்டு. காளை ஒருவனுடைய துணிவைச் சொல்லும். தோற்றுவிட்டு வீடு திரும்பும் இரவில் அவன் எப்படிப் பேசுவான் என்பதைச் சொல்லாது. அந்த வகையில் சடுகுடு மேல்.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பொங்கல் சமயத்தில் ஓர் ஆட்டம் பார்த்தேன். பாடி வந்தவன், கோட்டோரம் நின்ற ஒரு பையனின் குதிகாலைப் பட்டும் படாமலும் தொட்டுவிட்டுத் திரும்பினான். நடுவர் கவனிக்கவில்லை. பையன் தானாகவே கையை உயர்த்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். அந்த ஒரு புள்ளியில் அவன் கட்சி தோற்றது. கூட்டாளிகள் திட்டினார்கள். அவன் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். வேப்பமரத்தடியில் நின்ற பெண்களில் ஒருத்தி மட்டும் ஜெயித்த கட்சியைப் பார்க்கவில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கும் ஜோசியருக்குத் தெரியாத ஒன்றை அவள் அரை நிமிஷத்தில் தெரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். (கதை எழுதுகிறவனுக்கு இப்படித்தான் நினைக்கத் தோன்றும்.)

அருகிலிருந்த பெரியவர், "தங்கமான பிள்ளை" என்றார்.

"உங்கள் வீட்டுப் பெண்ணைக் கொடுப்பீர்களா?"

"அவன் அந்தத் தெருவாச்சே! சடுகுடு வேறே, சம்பந்தம் வேறேங்க."

தொடுவதையே விதியாகக் கொண்ட ஆட்டம் அது. ஒருவன் மேல் ஏழு பேர் விழுந்து புரளுகிறார்கள். யாருடைய வியர்வை யார் மேல் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் களத்துக் கோடுகள் எழுந்து தெருக்களுக்குப் போய்விடுகின்றன.

இதே உத்திரமேரூரில்தான் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில், வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டினார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் கூடாது, அவன் உறவினரும் கூடாது. எவ்வளவு எச்சரிக்கை! ஆனால் கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடையவர் பெயரைத்தான் குடத்தில் போட்டார்கள். ஒழுக்கத்தைச் சோதிக்கத் தெரிந்த ஊர், யாரைச் சோதிப்பது என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிட்டது.

பெரிய தேசங்களும் இவ்விஷயத்தில் கிராமங்கள்தாம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சம்மட்டி எறிந்து தங்கம் வென்றவர் அமெரிக்கரான ஹரால்ட் கானலி. வட்டெறிந்து தங்கம் வென்றவர் செக்கோஸ்லோவாக்கியப் பெண் ஓல்கா ஃபிகோடோவா. அங்கே சந்தித்து மனம் ஒன்றினார்கள். அவர்களுடைய தேசங்களோ எதிரெதிர்த் தெருக்கள். பெண்ணின் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கித்தான் 1957இல் பிராக் நகரில் மணம் நடந்தது. பல வருஷங்களுக்குப் பின் அவர்கள் பிரிந்துவிட்டதும் உண்மைதான். ஜாதகம் பார்த்துச் செய்தவர்களும் பிரிகிறார்கள். அதற்காக ஜாதகத்தை யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

என் நாவல்களில் இத்தகைய ஜோடிகளைத் தாராளமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அங்கே எனக்கு மாமன் மச்சான் கிடையாது. சற்று நேரம் கழித்து அந்தப் பெரியவர், குரலில் கோபமே இல்லாமல், "நீங்க கொடுப்பீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். "கொடுப்பேன்" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அவர் அதைக் கவனித்தார். அதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டார்கள்.