பூரண சுதந்திரம் என்னும் விரதம்

1983-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் சுதந்திர மென்பொருள் திட்டத்தை அறிவித்தபோது எழுந்த வினா, யந்திரத்தைப் பற்றியதன்று. தன் கருவி என்ன செய்கிறதென்பதை அறியவும் அதை மாற்றவும் மனிதனுக்குள்ள உரிமையைப் பற்றிய தர்ம விசாரமே அது. அவ்வுரிமையை விட்டுக்கொடாத டிரிஸ்குவெல் என்னும் இயங்குதளம், சாதனங்களை இயக்கும் ஃபர்ம்வேர் போன்ற மூடிய துணுக்குகளைக் களைந்த லினக்ஸ்-லிப்ரே என்னும் இயங்குதளக் கருவையே ஏற்பதால், சில கணினிகளில் வைஃபை இயங்குவதேயில்லை. 1997 முதல் மென்பொருள் சுதந்திரத்துக்கான சமூக ஒப்பந்தம் பூண்ட டெபியன் என்னும் மற்றோர் இயங்குதளமோ, 2022-இல் வாக்கெடுத்து, அத்தகைய ஃபர்ம்வேரைத் தன் நிறுவல் வட்டிலேயே சேர்க்க இசைந்தது. வாசலில் தடுமாறி நிற்பவனை உள்ளே அழைத்துக்கொள்ளும் கருணை அதில் உண்டு. சாதனத்தினுள்ளேயே பதிக்கப்பட்டுவிட்ட ஃபர்ம்வேரைப் பூரண விரதிகளும் பொறுத்துக்கொள்கிறார்களே என்ற ஆக்ஷேபமும் கூர்மையானதே. ஆயினும், நம் உரிமை எவ்விடத்தில் பறிபோயிற்றென்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிடும் டிரிஸ்குவெலின் பக்கமே என் மனம் சாய்கிறது. மூடிய ஃபர்ம்வேரை வேண்டாத பழைய ஆதெரோஸ் வைஃபை அட்டைகள் சில இருப்பதால், அந்த விரதம் அசாத்தியமுமன்று.