ஆறுதல் யாருக்கு?



துக்க வீட்டுக்குச் சென்றால் என்ன சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரியும் என்றே எண்ணியிருக்கிறோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் அந்த எண்ணத்தையும் அடித்துச் சென்றது. இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரம் நெடுகிலும் ஒப்பாரி.

"அல்லாஹ்வின் நாட்டம்" என்பர் ஒரு சாரார். "தலைவிதி" என்பர் மற்றொரு சாரார். "இறைவனின் திருவுளம்" என்போம் நாம். பிள்ளையை இழந்த தாய் தானாக அதைச் சொன்னால் அது விசுவாசம். அவள் பேசுமுன் நாம் சொன்னால், அது அவள் வாயை அடைக்கும் கை. அவளது கண்ணீரைக் காணப் பொறுக்காத நம் மனத்துக்கே அங்கு ஆறுதல் தேடுகிறோம் அன்றோ?

உளவளத்துணை கற்போரின் முதற்பாடம் இதுவே. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், துணை செய்பவரிடம் மூன்று பண்புகளைக் கேட்டார்: போலியின்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் நிலையில் நின்று உணர்தல். அறிவுரை அப்பட்டியலில் இல்லை.

"அப்படியானால் தவறுபவனைத் திருத்த வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் முழுவதும் கேளாமல் எதைத் திருத்துவது? நோயறியாமல் மருந்து கொடுப்பாருண்டோ?

கேட்பதற்கும் ஒழுங்குண்டு. துயரத்தைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூல் வலியுறுத்துகிறது. பார், கேள், உரிய உதவியோடு இணை என்பதே அதன் சுருக்கம். ஊர் வழக்கையும் மதிக்க வேண்டும். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கையில், அவளிடம் பெண்ணொருத்தி செல்வதே முறை.

மதிலோடு மதில் ஒட்டிய ஊர்களில் இரகசியம் காப்பது உயிர்நாடி. எனினும் ஒருவர் தம் உயிரை மாய்க்க எண்ணினாலோ, குழந்தையொன்று துன்புறுத்தப்பட்டாலோ மௌனம் பாவமாகும். அவ்வேளையில் வைத்தியரிடமோ, உரிய அதிகாரிகளிடமோ சொல்லியே ஆகவேண்டும். இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவது நேர்மை.

நாம் யோபு என்றும் முஸ்லிம் சகோதரர் ஐயூப் நபி என்றும் போற்றும் பொறுமைசாலியை நினையுங்கள். விவிலியம் கூறும் அவருடைய நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாது அவரருகே தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்னரே அவருக்குப் பாரமானார்கள்.

இவ்வாரம் துயருற்ற ஒருவரைச் சந்தியுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு, விடை வரும்வரை காத்திருங்கள்.