யார் கொன்றார் கோழியை?

"கொன்றுவிட வேண்டும் அந்த நாயை! இன்றே, இப்போதே!"

குடுமியான்மலைக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில், புளியமரத்து நிழலில், சென்ற மாதம் ஒரு காலைப் பொழுதில் எழுந்த முழக்கம் இது. மலையைக் காண வருவோர் குகைக்கோயிலையும் இசைக் கல்வெட்டையும் கண்டு வியந்து திரும்புவர். நான் கண்டது ஒரு வழக்கு. வாதி, என்னிடம் ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி. பிரதிவாதி, ஒரு நாய். கொலையுண்டது ஒரு பெட்டைக்கோழி.

வெறும் கோழியன்று அது. முட்டையிலிருந்து வெளிவந்த நாள்முதல் அந்தச் சிறுமியின் கையில் தீனி தின்று வளர்ந்தது. அவள் பள்ளிவிட்டு வரும் நேரமறிந்து வாசலில் காத்திருக்கும். "இதை மட்டும் அடிக்கக் கூடாதப்பா" என்று அவள் கேட்டாள். "அடிக்க மாட்டேன்" என்று தந்தை வாக்களித்தார். அந்த வீட்டுப் பஞ்சாரத்தில் எத்தனையோ கோழிகள் வந்தன, குழம்பாயின. இது மட்டும் வாழ்ந்தது. அதைத்தான் காலனியிலிருந்து வந்த நாய் கடித்துப் போட்டுவிட்டது.

"பசிக்குத் தின்றிருந்தால்கூடப் பொறுக்கலாம், தின்னவுமில்லையே! திமிர்தானே?" என்றார் ஒருவர். "வாத்தியார் தம்பி, உங்களுக்குத் தெரியாது. இரத்தம் கண்ட நாய் அடங்காது. சோற்றில் குருணை மருந்தைப் பிசைந்து வைத்தால் தீர்ந்தது" என்றார் ஒரு பெரியவர். நாயை இழுத்து வந்து நிறுத்தினர். அது காதை மடித்தது, வாலை ஒடுக்கியது, கண்ணைத் தாழ்த்தியது. "பாருங்கள், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது!" என்றது கூட்டம். ஒரு நாள் தவணை கேட்டேன். படித்தவன் கேட்கிறானே என்று, அரைமனத்துடன் தந்தனர்.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். விலங்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதா? இல்லை. 1386ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு ஃபலேசு நகரில், குழந்தையைக் கொன்ற பெண்பன்றி ஒன்றை முறைப்படி விசாரித்துத் தூக்கிலிட்டனர். மனித உடை அணிவித்துத் தொங்கவிட்டனர் என்றும் எழுதி வைத்துள்ளனர். 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு சேவல் மீது வழக்கு. குற்றம்? முட்டையிட்டதாம்! சைத்தானின் வேலை என்று தீர்ப்பெழுதி, சேவலையும் முட்டையையும் சேர்த்துக் கொளுத்தினர். சிரிக்கிறோம். ஆனால், புளியமரத்தடியில் நின்றவர்களுக்கும் பாசல் நகரத்து நீதிபதிக்கும் இடையே வேறுபாடு எத்தனை முழம்?

நம் முன்னோர் விலங்கைத் தண்டித்ததைவிடப் போற்றியதற்கே சான்று மிகுதியாகக் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் நின்ற சேவலுக்கு நடுகல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்றில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவன் வளர்த்த நாயும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்றதாம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது! கோழிக்கும் கல், நாய்க்கும் கல். இரண்டும் ஒரே முற்றத்தில் வளர்ந்த உயிர்கள்தாம். அவற்றுக்குள் பகை வந்தபோது நடுவில் நின்று தீர்க்க வேண்டியவன் யார்?

முதலில் அந்தக் 'குற்றமுள்ள நெஞ்சை' ஆராய்வோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்சு 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார். தின்னாதே என்று விலக்கிய பண்டத்தை நாயின் முன் வைத்து, உடையவரை வெளியே அனுப்பினார். சில நாய்கள் தின்றன, சில தின்னவில்லை. திரும்பி வந்த உடையவரிடம் சில வேளை உண்மையும், சில வேளை பொய்யும் சொல்லப்பட்டன. கண்டது என்ன? தலைகுனிவும் ஒடுங்கிய வாலும், நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உடையவர் திட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தன. அதட்டலுக்கு அஞ்சியது நாய். அந்த அச்சத்தை வாக்குமூலம் என்று படித்தான் மனிதன். காவல் நிலையங்களில் ஏழைகளின் நடுக்கமும் இப்படித்தான் படிக்கப்படுகிறது என்பதை நினைத்துக்கொண்டேன். அது வேறு கட்டுரைக்குரியது.

அடுத்து, 'தின்னாமல் கொன்றது திமிர்' என்னும் குற்றச்சாட்டு. தேவைக்கு மேல் கொல்லும் இந்த வழக்கத்தை ஊனுண்ணி விலங்குகள் பலவற்றில் கண்டு ஆராய்ந்து, 1972இல் எழுதினார் ஹான்சு குரூக் என்னும் அறிஞர். தேடல், துரத்தல், கவ்வல், தின்னல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உந்துதல். பசி தீர்ந்தால் தின்னல் நிற்கும், துரத்தல் நிற்காது. தப்பியோட வழியற்ற இரை எதிரே படபடத்துக்கொண்டே இருந்தால், அந்தப் படபடப்பே மீண்டும் மீண்டும் கவ்வத் தூண்டும். நரி புகுந்த கூண்டில் பத்துக் கோழியும் செத்துக் கிடப்பது அதனால்தான். திமிர் என்பது நாம் சூட்டிய பெயர். அந்தப் பெயரைச் சூட்டிவிட்டால் நஞ்சு வைக்கக் கை நடுங்காதல்லவா?

இங்கே ஒரு வைதிக நண்பர் குறுக்கிடுவார்: "அப்படியானால் ஒப்புக்கொள்கிறாய்! நாய் கடிப்பது பிறவிக் குணம். பிறப்பு மாறாது. மனிதரிலும் அப்படியே!" ஆம், இந்த உவமை நம் காதுக்குப் பழையது. கீரிக்கும் பாம்புக்கும் பகை இயற்கை. புலிக்கு மான் இரை இயற்கை. ஆகவே மேலோன் மேலோனாகவும் கீழோன் கீழோனாகவும் இருப்பதும் இயற்கை! காட்டைக் காட்டி நாட்டை ஆளும் தந்திரம். கீரியும் பாம்பும் இருவேறு உயிரினங்கள். மேலத்தெருவும் காலனியும் ஒரே உயிரினம். நாயிலாவது, முயலைத் துரத்தவென்று மனிதன் பொறுக்கியெடுத்து வளர்த்த கன்னியும் சிப்பிப்பாறையும் உண்டு. மனிதரில் உள்ள சாதியோ, பிறந்த குழந்தையின் நெற்றியில் அயலான் ஒட்டிய சீட்டு. மேலும், நாயின் பிறவிக் குணமேனும் மாறாததா என்றால், அதுவுமில்லை.

ஆசுதிரேலியாவின் வார்ணம்பூல் நகரையொட்டி மிடில் தீவு என்று ஒரு சிறு தீவு. குட்டிப் பெங்குவின்கள் நூற்றுக்கணக்கில் வாழ்ந்த இடம். அலை வற்றும்போது நரிகள் நடந்தே போய் அவற்றைத் தின்றன. 2005 அளவில் எஞ்சியவை பத்துக்கும் குறைவு. அப்போது ஒருவர் வழி சொன்னார். அவர் பேராசிரியரல்லர், கோழிப்பண்ணை வைத்திருந்த குடியானவர்! தம் கோழிகளை நரியிடமிருந்து காக்க மரெம்மா என்னும் காவல் நாய்களை அவர் வளர்த்து வந்தார். 2006இல் அந்த இன நாய்களைத் தீவில் விட்டனர். பின்னர்ப் பெங்குவின்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. நாயேதான் அங்கே கோழிக்குக் காவல்! தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனம் என்பது உண்மை. ஆனால் இனம் மட்டும் போதாது. குட்டிப் பருவத்திலேயே மந்தையோடு பழக்கி, துரத்தும்போது தடுத்து, அமைதியாக இருக்கும்போது பாராட்டி வளர்க்கிறார்கள். நம் ஊர் நாட்டு நாயையும் குட்டியிலிருந்து கயிற்றில் பிடித்தபடி கோழிகளிடையே உலாவவிட்டுப் பழக்கிய வீடுகளை இந்த வட்டாரத்தில் நானே பார்த்திருக்கிறேன். கோழி தீனி பொறுக்க, நாய் பக்கத்தில் உறங்குகிறது. அடித்துத் திருத்தியதால் வந்த பழக்கமன்று அது. செயல் முடிந்து நெடுநேரம் கழித்து விழும் அடி, எதற்கு விழுந்தது என்றே நாய்க்குப் புரியாது.

எல்லாப் பகையையும் பள்ளிக்கூடம் வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பருந்துக்குப் பாடம் நடத்த முடியாது. கீரிக்கும், சாரைக்கும், மரநாய்க்கும், வெருகுக்கும் அறிவுரை இல்லை. குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகிறாரே, மாலையில் வேலியோரம் வெருகு வரக்கண்டு, போக்கிடம் அறியாமல் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் வீட்டுக்கோழி, அது இன்றும் கூவுகிறது. இருளில் கோழிக்குக் கண் தெரியாது, வெருகுக்குத் தெரியும். அந்த வேறுபாட்டை எந்தச் சீர்திருத்தமும் மாற்றாது. அங்கே வேண்டியது சினமன்று, தாழ்ப்பாள். அந்தி சாயுமுன் அடைத்த கதவு. கீரி நுழையாதபடி அரையங்குலக் கண்ணுள்ள கம்பிவலை. அடியில் தோண்டி வராதபடி மண்ணுக்குள் இறக்கிய விளிம்பு. மாறாகக் கீரியைக் கண்ணி வைத்துக் கொல்வோர், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காப்பதை அறியார். எலியையும் பாம்பையும் தின்று வயலுக்கு அது செய்யும் ஊழியத்தையும் அறியார்.

"அப்படியானால் எவருமே குற்றவாளியில்லையா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும். நானும் அங்கேதான் தடுமாறினேன்.

கோழியைத் தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் மனிதன். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன், தினையும் நெல்லும் விளைந்த களங்களைச் சுற்றி அந்த உறவு தொடங்கியது என்கின்றன 2022இல் வெளிவந்த ஆய்வுகள். நாயின் உறவு அதற்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியது. காட்டுக்கோழி மரத்தில் தாவும், கிளையில் உறங்கும், அயல் அசைவு கேட்டால் மறையும். அந்த அச்சத்தைத் தணித்து, உடலைப் பெருக்கி, நம்மை நம்பச் செய்தோம். நம்பவைத்தவன் காக்கக் கடமைப்பட்டவன். சித்தன்னவாசல் குன்றின்மேல் கற்படுக்கையில் உறங்கிய சமணத் துறவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களிடம் கோழியும் இல்லை, நாயும் இல்லை. கொல்லாமை துறவிக்கு எளிது. முற்றத்தில் இரண்டையும் வளர்ப்பவனுக்குத்தான் அது கணக்குப் போட வேண்டிய பாடம்.

கணக்குப் போட்டால் என்ன வருகிறது? கோழி இறந்த அன்று கூண்டு திறந்து கிடந்தது. மூங்கில் தாழ் முறிந்து ஒரு வாரம். நாய் கட்டின்றித் திரிந்தது. இரண்டு நாளாக அதற்குச் சோறில்லை, ஏனெனில் அந்த வீட்டார் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தனர். அறிந்தவர் செய்யத் தவறியவை இவை. அறியாத நாய்க்கு ஏன் மரணம்?

சிறுமியிடம் மறுநாள் இதைச் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "சார், அப்பா மற்றக் கோழிகளை அடிக்கிறாரே, அதற்கு யார் சார் பஞ்சாயத்து வைப்பது?" வகுப்பறையில் இதுவரை எவரும் என்னை இப்படி நிறுத்தியதில்லை. நான் புலால் உண்பவன். சாமியின் பெயரால் கோழி பலியிடுவதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. வயிற்றின் பெயரால் அறுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. செல்லக்கோழிக்கும் குழம்புக்கோழிக்கும் வலி ஒன்றே. வேறுபாடு, ஒன்றுக்கு நாம் கொடுத்த வாக்கு. வாக்கு பெரிதுதான். ஆயினும், வாக்குக் கிடைக்காத உயிருக்கு என்ன சொல்வது? அவளுக்கு விடை சொல்லவில்லை நான். தெரிந்ததுபோல் நடிக்கவுமில்லை.

ஆனால் மற்றொன்று தெரிந்தது. காலனிக்குப் போய் நாயின் உடையவளைக் கண்டேன். கணவனை இழந்தவள். சொன்னாள்: "போன ஆடியிலே மேலத்தெரு நாய் வந்து என் குஞ்சு நாலையும் கடிச்சுப் போட்டுச்சு. போய்ச் சொன்னேன். நாயின்னா அப்படித்தான், நீ அடைச்சு வச்சிருக்கணும்னாங்க." கேட்டீர்களா! அவள் குஞ்சு செத்தபோது, நாய்க்கு அது இயற்கை. அவள் நாய் கொன்றபோது, அது கொலை. அன்று காவல் கடமை கோழி வளர்த்தவளுக்கு. இன்று நாய் வளர்த்தவளுக்கு. விதி ஒவ்வொரு முறையும் இடம் மாறுகிறது. குற்றம் மட்டும் ஒரே வாசலில் போய் நிற்கிறது. நாயின் பல்லில் சாதி இல்லை. அந்தப் பல்லுக்குத் தீர்ப்பெழுதிய நாவில் இருந்தது.

அன்று மாலை புளியமரத்தடியில் இதைச் சொன்னேன். நஞ்சு வைப்பது குற்றம், விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் இருக்கிறது என்றும் சொன்னேன். "அபராதம் எவ்வளவு?" என்று கேட்டார் ஒருவர். முதற்குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை என்று அந்தச் சட்டம் எழுதியிருப்பதைச் சொல்ல எனக்கே நாக்கூசியது. சிரித்தார்கள். ஆயினும், நாய் பிழைத்தது. சிறுமியின் தந்தை, அவராகவே, "கூண்டை நான்தான் பார்த்திருக்க வேண்டும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு கூட்டத்தில் இரைச்சல் குறைந்தது.

கோழிக்கு முந்நூறு ரூபாய் என்று பேசினர். காலனிப் பெண் நூறு கொடுத்தாள். மீதியைக் கூலி வந்ததும் தருவதாகச் சொல்லி, சொன்னபடி தந்தும்விட்டாள். நாயை இப்போது பகலில் கட்டி வைக்கிறாள். கயிறு நான் வாங்கிக் கொடுத்தது. சிறுமி அடைவைத்த முட்டைகளில் ஒன்பது பொரித்திருக்கின்றன. அவற்றில் எத்தனைக்கு வாக்குக் கிடைக்கும் என்று தந்தையோடு வழக்காடிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நான்கு குஞ்சுகளுக்கு உரிய பணம் மேலத்தெருவிலிருந்து இன்னும் வரவில்லை. வரும் ஞாயிறன்று போய்க் கேட்கப் போகிறேன். சிறுமியின் தந்தையும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.