உள்ளே ஒரு படி

அக்காவின் புதுவீட்டுக்கு மேசை விளக்குத் தண்டு ஒன்று செய்தேன். திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டிய சின்னக் கடைசல் பட்டறையில், ஐந்தாறு சனிக்கிழமைகள். ஒன்றரை அடித் தேக்கு. நடுவே, மேலிருந்து கீழ்வரை, வயர் போக 8 மில்லிமீட்டர் துளை வேண்டும்.

நீளத் துளை லேசான வேலை இல்லை. மரத்தில் ஒரு வளையம் மெத்தென்று இருக்கும், அடுத்தது கடினம். துளைப்பான் இளகின பக்கமே சாயப் பார்க்கும். தூள் அடைத்துச் சூடேறினால் இன்னும் விலகும். அதனால் ஓர் அங்குலம் போனதும் வெளியே இழுத்து, தூளைத் தட்டிவிட்டு, மறுபடி விட வேண்டும். "அவசரப்பட்டா அது இஷ்டத்துக்குப் போவும் சார்" என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தார். நான் அவசரப்பட்டேன். இரண்டு முனையிலிருந்தும் துளைத்தேன். நடுவில் சந்தித்தன, ஆனால் 3 மில்லிமீட்டர் தள்ளி. உள்ளே கூராக ஒரு படி. வயரைத் திருகித் திணித்தேன், போய்விட்டது. பாலீஷ் போட்டதும் கடையில் வாங்கியதைவிட அழகு. கிரகப்பிரவேசத்தன்று கொடுத்தும் விட்டேன்.

எங்கள் தொழிலில் இது பழக்கம்தான். டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டதா, அனுப்பு. உள்ளே இருக்கும் கோணல் அடுத்து வருகிறவன் தலைவலி. ஆனால் இந்த விளக்கு விஷயத்தில் தூக்கம் வரவில்லை. யாருக்கும் தெரியப்போகாத குறை, குறைதானா?

நரசிங்கம்பேட்டை ஞாபகத்துக்கு வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்து ஊர். அதன் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஈரம் வற்றிப்போன ஆச்சா மரத்தைக் கடைந்து, மேலே குறுகிக் கீழே விரியும் துளையைப் போடுகிறார்கள். அங்கே மரம் என்பதே துளைக்கு ஓர் உறை. இதை வைத்து 'அந்தக் காலக் கைவினைஞரின் அறம்' என்று உருகி எழுதலாம். நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாதஸ்வரத்தின் உட்புறம் கோணினால் ஊதிய உடனே சுருதி காட்டிக்கொடுத்துவிடும். ஆசாரியின் பொறுமை பெரியது, திறமை அதைவிடப் பெரியது. ஆனால் ஏமாற்ற அவருக்கு வழியே இல்லை. என் விளக்குக்கு வாய் கிடையாது. அந்தப் படி வயரின் மேலுறையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாலும் பல்பு எரியும். ஒருநாள் வரை எரியும். நேர்மை என்ற கேள்விக்கே விளக்கில்தான் வேலை.

அக்கா பையனுக்கு நாலு வயசு. எதையும் பிடித்து இழுப்பான்.

போன் செய்தேன். "அக்கா, அந்த விளக்கை பிளக்கிலேருந்து எடுத்துடு. துளை சரியா வரல."

"நல்லாத்தானேடா இருக்கு?"

"வெளியில."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"ஆமா."

திரும்ப எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்த்தார். "தலைகீழா பண்ணிட்டீங்களே சார். மேல கடைஞ்சிட்டு அப்புறம் துளை போட்டா இப்டித்தான். மொதல்ல துளை. அது எங்க போச்சோ அத்தையே செண்டர்னு வெச்சிக்கினு மேல கடையணும்."

துளையின் இரண்டு வாயிலும் கூம்பு முனைகளைக் கொடுத்து மரத்தைச் சுழலவிட்டால், வெளிவடிவம் துளையைச் சுற்றியே உருவாகும். துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் பரவாயில்லை, வெளிப்புறம் அதற்கு ஒத்துப்போய்விடும். நான் அழகை முதலில் முடித்துவிட்டு, துளையை அதற்குள் ஒளித்திருந்தேன். நடுவில் படி விழுந்த தண்டுக்கு இந்த வழியும் உதவாது என்றார். புதுக் கட்டை எடுத்தோம்.

ஓர் அங்குலம், வெளியே, தூளைத் தட்டு. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு தடவை.