அடியில் யார் படுக்கப் போகிறார்கள்?

நம்மூர்த் தச்சர்கள் மேசையை நம்பித் தொழில் செய்தவர்கள் அல்லர். தரையில் உட்கார்ந்து, கட்டையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு உளி போடுவார்கள். எனக்கு முட்டி அப்படி மடங்காது. நின்றபடி இழைக்க ஒரு தச்சு மேசை வேண்டும் என்றானபோது, இடித்த வீட்டு வேப்ப உத்தரங்களை வாங்கிவந்து நானே செய்ய உட்கார்ந்தேன். இல்லை, நின்றேன்.

கையால் மேசை செய்யக் கிளம்புகிறவர்கள் பலரும் ஆந்த்ரே ஜேக்கப் ரூபோவிடம் போய்ச் சேர்வார்கள். பாரிஸ்காரர், தச்சரின் மகன், தானும் தச்சர். 1769 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய தச்சு நூலில் ஒரு மேசைப் படம் இருக்கிறது. ஏறக்குறைய அரையடி கனத்தில் ஒரே பலகை. நான்கு தடித்த கால்கள். அவற்றின் கழுந்துகள் பலகையை ஊடுருவி மேலே தெரியும். கட்டையைப் பிடித்து வைக்க வளைந்த இரும்புக் கொக்கி ஒன்று: துளையில் இறக்கித் தலையில் தட்டினால் கவ்வும், பின்பக்கம் தட்டினால் விடும். அலங்காரம் என்று எதுவும் கிடையாது.

அந்த மேசை நேர்த்தி கேட்கும் இடங்கள் மிகக் குறைவு. மேல்முகம் மட்டமாக வேண்டும். இரண்டு முனையிலும் நேரான சட்டம் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும். பலகையின் முன்விளிம்பும் முன்கால்களும் ஒரே தளத்தில் வர வேண்டும். அப்போதுதான் ஒரு கதவை நிறுத்திவைத்து அதன் விளிம்பை இழைக்க முடியும். அடிப்பக்கத்தில் கால் உட்காரும் நான்கு இடங்கள் சரியாக இருந்தால் போதும். மற்ற இடத்தில் வாச்சி கொத்திய தழும்பு அப்படியே கிடக்கலாம்.

இது எனக்கு எளிதாக இல்லை. நேர்த்தி என்றால் எங்கும் ஒரே நேர்த்தி என்று வளர்ந்தவன் நான். நோட்டுக்கு அட்டை போடுவதிலேயே சாயங்காலம் கழிந்துவிடும். கணக்கு பாக்கி நிற்கும். அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன், ஒரு வரிக் குறிப்புக்கும் வருடாந்தர அறிக்கைக்கும் ஒரே அளவு வியர்வை சிந்துகிறவர்களை. உழைப்பாளி என்று பெயர் கிடைக்கும். எது முக்கியம் என்று முடிவெடுக்கும் சிரமத்திலிருந்தும் தப்பிக்கலாம்.

அடிப்பக்கத்தையும் இழைத்துவிடலாமா என்று பக்கத்துத் தெருத் தச்சரிடம் கேட்டேன்.

"அங்க யாரு சார் படுக்கப் போறா?" என்றார்.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எப்படி வேண்டுமானாலும் விட்டுவிடலாமா என்று மடக்கினேன்.

"தொட்டில்னா அடியிலயும் தடவிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். கொழந்த கை எங்க போகும்னு யாரு கண்டா?"

அவருடைய கணக்கில் கண்ணுக்கு இடமே இல்லை. எந்தக் கை எங்கே படும் என்பதுதான் கணக்கு. வேலையைக் குறைப்பதற்கும் அலட்சியத்துக்கும் நடுவே இருக்கும் கோட்டை இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

மேல்முகத்தைக் குறுக்கே இழைத்து, பிறகு ரேகை ஓட்டத்தோடு இழைத்து மட்டமாக்கினேன். ஐப்பசி ஈரத்தில் மரம் ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கும். அந்த மட்டம் நிற்காது. மறுபடி இழைக்க வேண்டியதுதான். அரையடி கனம் அதற்கும் சேர்த்துத்தான்.